பட்டறை வாசலில் மறையும் பழுது

கார் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்காத புகார் ஒன்று உண்டு. “ஓடிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு ஆஃப் ஆயிடுதுண்ணே. ஓரங்கட்டி கொஞ்ச நேரம் விட்டுட்டு சாவியைத் திருப்பினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது.” அந்த வண்டி பட்டறைக்குள் அருமையாக ஓடித்தான் வரும். பானெட்டைத் திறந்து, ஸ்கேனரை மாட்டி, தெருவில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தாலும் குறை தெரியாது. அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. “இப்ப நல்லாத்தானே சார் ஓடுது, மறுபடி நின்னா கொண்டாங்க” என்று அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் பிளக், காயில், பெட்ரோல் பம்ப், சென்சார் என்று சந்தேகத்தின் பேரில் ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். பில் ஏறும். ஒருநாள் வண்டி பைபாஸில் மறுபடி நிற்கும்.

மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. நிரந்தரமாகக் கெட்டுப்போன பாகத்தை எந்த நேரத்திலும் அளந்து பிடித்துவிடலாம். விட்டு விட்டு வரும் பழுதோ, வண்டி நிற்கும் அந்தச் சில விநாடிகளில்தான் உயிரோடு இருக்கிறது. மற்ற நேரத்தில் அந்தக் காரில் எதை அளந்தாலும் சரியான அளவே வரும். ஆகவே இந்த வழக்கில் முதல் சாட்சி ஓட்டியவர். மெக்கானிக்கின் பங்கு அவர் சொல்வதை வைத்துப் பழுதைப் பட்டறைக்குள்ளேயே வரவழைப்பது. வரவழைக்க முடிந்த பழுது பாதி தீர்ந்த பழுது.

எங்கே தேடுவது என்பதை எஞ்சினின் கணக்கே ஓரளவு சொல்லிவிடுகிறது. நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிப்பு நடக்கிறது. நான்கிலும் சேர்த்து விநாடிக்கு 100 முறை பெட்ரோல் பீய்ச்சப்பட்டு, 100 முறை தீப்பொறி விழுகிறது. இதில் ஒரு பிளக் கெட்டால் எஞ்சின் நிற்காது. மீதி மூன்று சிலிண்டரும் இழுத்துக்கொண்டு போகும். வண்டி குலுங்கும், பிக்கப் குறையும். ‘மிஸ்ஸிங்’ என்று பட்டறைகளில் சொல்வது அதைத்தான். ஒரு இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டாலும் இதே கதை. நான்கும் ஒரே நேரத்தில் அடங்கிவிட்டன என்றால் நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்று கைவிட்டிருக்கிறது. பிளக் செட்டை மாற்றிப் பார்க்கலாம் என்ற யோசனை இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

பொதுவானவை என்று பார்த்தால் அதிகம் இல்லை. எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியு, அதற்குக் கரன்ட் கொடுக்கும் இக்னிஷன் சுவிட்ச், மெயின் ரிலே, எர்த் வயர். எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று சொல்லும் கிராங்க் சென்சார். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பும் அதன் ரிலேயும். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியானால் காயிலும் ஒன்றே ஒன்றுதான், அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஆஃப் ஆகிறது, ஓடும்போது ஆவதில்லை என்றால் அது வேறு நோய். திராட்டில் பாடியில் கார்பன் படிந்து, ஐடிலிங்குக்குத் தேவையான கொஞ்சக் காற்றும் போகாமல் அடைப்பது அதில் அடிக்கடி காணும் காரணம். சுத்தம் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இங்கே அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வண்டி எப்படி நின்றது என்பதில்தான் சுவாரசியம். நான்காவது கியரில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். சட்டென்று இழுவை போய்விடுகிறது. கிளட்ச்சை மிதிப்பதற்கு முன் ஒரு கணம் ஆர்பிஎம் மீட்டரைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். எரிப்பு நின்றுவிட்டாலும் எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. உருளும் சக்கரங்கள் கியர்பாக்ஸ் வழியாக அதைச் சுற்றவைக்கின்றன. அப்படியானால் முள் இருந்த இடத்திலிருந்து, வண்டியின் வேகம் குறையக் குறைய, மெல்லத்தான் இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் கிராங்க் சென்சார் வேலை செய்கிறது, ஈசியு விழித்திருக்கிறது என்று பொருள். சந்தேகம் பெட்ரோல் பக்கமோ, காயிலுக்குப் போகும் கரன்ட் பக்கமோ திரும்பும்.

முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் கதையே வேறு. கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினை, சுற்றவில்லை என்கிறது மீட்டர். பெரும்பாலான கார்களில் இந்த மீட்டருக்குத் தகவல் வருவது கிராங்க் சென்சாரிலிருந்து ஈசியு வழியாக. அந்தப் பாதையில் எங்கோ தகவல் அறுந்திருக்கிறது. அறுந்தது சென்சாரா ஈசியுவின் கரன்ட்டா என்பதற்கு டேஷ்போர்டு விளக்குகளைப் பார்க்கலாம். சிவப்பு பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் வழக்கம்போல எரிந்தால் சாவி வழியாக வரும் மின்சாரம் சரியாகவே இருக்கிறது. டேஷ்போர்டு முழுக்க இருண்டு, பாட்டும் நின்றுபோனால் சென்சாரை மறந்துவிட்டு பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச் என்று போக வேண்டும். ஆட்டோமேட்டிக் கார்களில் முள்ளின் சாட்சியம் பெரும்பாலும் கிடைக்காது. எரிப்பு நின்றதும் எஞ்சினும் அடங்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மொபைலில் டேஷ்போர்டைப் படம் பிடித்துக்கொண்டே வந்தால், அந்தப் பத்து விநாடி வீடியோ பட்டறையில் அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். ஓட்டுபவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கிராங்க் சென்சார்தான் இந்த வகைப் பழுதில் அடிக்கடி மாட்டும் ஆள். அதன் உள்விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். ஃப்ளைவீல் ஓரத்திலோ கிராங்க் புல்லிக்குப் பின்னாலோ ஒரு பல்சக்கரம் இருக்கும். பல கார்களில் அதில் 60 பற்களுக்கு இடம் உண்டு, இருப்பது 58. இரண்டு பல்லை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. அந்த வெற்றிடம் கடந்துபோகும் கணத்தை வைத்துத்தான் ஈசியு எண்ணத் தொடங்குகிறது. எந்தச் சிலிண்டருக்கு எப்போது பெட்ரோல், எப்போது தீப்பொறி என்பதெல்லாம் இந்த எண்ணிக்கையிலிருந்து வருவது. பற்களிலிருந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளி சென்சாரின் மூக்கு நிற்கும். பழைய வகையில் உள்ளே ஒரு காந்தம், அதோடு ஏராளமான சுற்றுகளாகச் சுற்றிய செம்புக் கம்பி. இரும்புப் பல் கடக்கும்போதெல்லாம் காந்தப்புலம் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே விதி. புதிய கார்களில் ஹால் வகை சென்சார் அதிகம். மின்சாரம் ஓடும் தகட்டின் குறுக்கே காந்தப்புலம் பாய்ந்தால் பக்கவாட்டில் சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று எட்வின் ஹால் 1879இல் கண்டார். அந்த விளைவை ஒரு சிலிக்கான் சில்லுக்குள் அடக்கி வைத்திருக்கிறார்கள்.

சென்சார் உட்கார்ந்திருக்கும் இடம் எஞ்சின் பிளாக்கோடு ஒட்டி. 100 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு, ஓயாத அதிர்வு. உள்ளே உள்ள கம்பியின் விட்டம் பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதைச் சுற்றி வார்த்திருக்கும் பிளாஸ்டிக்கும் பிசினும் சூட்டில் செம்பைவிட அதிகமாக விரிகின்றன. எஞ்சின் சூடாகும் ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக் கம்பியைக் கொஞ்சம் இழுக்கிறது, ஆறும்போது விட்டுவிடுகிறது. பல வருடம் இப்படி இழுபட்ட கம்பி ஓரிடத்தில் விரிசல் விடும். விரிசலின் இரு முனைகளும் குளிர்ந்த நிலையில் தொட்டுக்கொண்டே இருக்கும், சூடேறியதும் பிரியும். தகவல் நின்ற மறுகணம் ஈசியுவுக்கு எஞ்சின் சுற்றுவதே தெரியாது. சுற்றாத எஞ்சினுக்கு எதற்குப் பெட்ரோல், எதற்குத் தீப்பொறி? எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. சில கார்களில் கேம்ஷாஃப்ட்டின் நிலையைச் சொல்லும் கேம் சென்சாரை வைத்து ஈசியு சமாளித்துக்கொள்ளும். எல்லாக் காரிலும் அந்த ஏற்பாடு இல்லை.

நின்ற உடனே செல்ஃப் அடித்தால் ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை என்பதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. ஓடும் எஞ்சினை ரேடியேட்டர் தண்ணீரும் எதிர்க்காற்றும் ஆற்றிக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் நின்றால் இரண்டும் நிற்கும், உள்ளே தேங்கிய சூடு வெளிப்பாகங்களுக்குப் பரவும். ஆகவே நின்ற முதல் சில நிமிடங்களில் பானெட்டுக்கு அடியில் சூடு குறைவதற்குப் பதிலாக ஏறவே செய்யும். அதன் பிறகுதான் ஆறத் தொடங்கும். ‘டீ குடிச்சிட்டு வந்தா ஓடுது’ என்று வாடிக்கையாளர் சொல்வதில் இந்த இயற்பியல் முழுதும் இருக்கிறது. வெயிலில், ஏசி போட்டு, நெரிசலில் ஊர்ந்து போகும்போது அதிகமாக நிற்கிறது, அதிகாலையில் நிற்பதே இல்லை என்றும் சொன்னால் சூட்டின் மீது சந்தேகம் உறுதியாகிவிடும்.

சோதிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. பழைய வகைச் சென்சாரைக் கழற்றி மேஜையில் வைத்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் மாட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்ட வேண்டும். அறைச் சூட்டில் 900 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரையர் ஓட ஓட 950, 1000, 1050 என்று எண் ஏறும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் கூடுவது இயல்பு. 20 டிகிரியில் 900 ஓம் உள்ள சுருள் 100 டிகிரியில் 1180 ஓம் அளவில் இருக்க வேண்டும். நல்ல சென்சார் இந்தப் பாதையில் சீராக ஏறி, ஆறும்போது சீராக இறங்கும். கெட்ட சென்சாரில் 1100ஐத் தாண்டும்போது எண்கள் திடீரென்று துள்ளும். பிறகு மீட்டர் திறந்த சுற்று என்று காட்டி நின்றுவிடும். டிரையரை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் எண்கள் மறுபடி திரும்பும். பழுது கையில் பிடிபட்ட கணம் அது. ஹால் வகைக்கு இந்தச் சோதனை செல்லாது. அதற்கு ஆஸிலாஸ்கோப்பில் சதுர அலை சூட்டில் அறுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி சாலையில் நின்றிருக்கும்போதே சென்சார் கைக்கு எட்டினால், அதன்மேல் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி உடனே செல்ஃப் அடித்துப் பார்ப்பது அனுபவசாலிகள் செய்வது. அரைமணி காத்திருக்காமல் அப்போதே ஸ்டார்ட் ஆனால் வேறு சாட்சி வேண்டாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நல்ல மெக்கானிக்குகளே இதில் விழுந்திருக்கிறார்கள். நின்றுபோன வண்டியில் பெட்ரோல் பிரஷரை அளக்கிறார், இல்லை. டேங்கில் காது வைத்துக் கேட்கிறார். செல்ஃப் அடிக்கும்போதும் பம்ப் ஓடும் சத்தம் இல்லை. பம்ப் போச்சு என்று முடிவு கட்டுகிறார். உண்மையில் விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக, கிராங்க் தகவல் வராவிட்டால் ஓரிரு விநாடியில் பம்ப் ரிலேயை ஈசியுவே அணைத்துவிடும். பம்ப் ஓடாதது அங்கே விளைவு, காரணம் வேறிடத்தில். வித்தியாசத்தை அறிய வழி எளிது. பல கார்களில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பம்ப் ஏறக்குறைய இரண்டு விநாடி ஓடி நிற்கும். மெல்லிய ரீங்காரமாகப் பின்சீட்டில் கேட்கும். செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் போடும்போது அந்தச் சத்தம் வருகிறது, அடிக்கும்போது வருவதில்லை என்றால் பம்ப்பைத் தொடாதீர்கள்.

உண்மையிலேயே பெட்ரோல் பழுதானால் வண்டி நிற்கும் விதம் வேறு. கரன்ட் போனால் விளக்கு அணைவதுபோல் சட்டென்று அணையாது. குழாயில் மிச்சமிருக்கும் பிரஷரில் கொஞ்ச தூரம் இழுக்கும், முன்னும் பின்னும் உதறும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகும், பிறகு அடங்கும். பம்ப்பின் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் டேங்கின் அடியில் கையால் ஒரு தட்டு தட்டினால் மறுபடி ஓடும்; அடுத்த முறை தட்டுவதற்குள் புதுப் பம்ப்புக்கு ஏற்பாடு செய்துவிடுவது நல்லது. பம்ப்பைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதை ஆற்றுகிறது என்பதால், எப்போதும் ரிசர்வில் ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் சோர்ந்துபோகும். டேங்குக்குக் காற்று உள்ளே வரும் வழி அடைபட்டிருந்தால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உருவாகி, பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும். வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே பாயும் ‘ஸ்ஸ்’ சத்தம் நீளமாகக் கேட்டு, அதன் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனால் காசு செலவில்லாமல் காரணம் தெரிந்துவிட்டது.

சூட்டில் பெட்ரோலே ஆவியாகி நின்றுபோன காலமும் இருந்தது. அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் பெட்ரோல் பம்ப் எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும். பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து உறிஞ்சி எடுக்கும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும், பக்கத்திலேயே எஞ்சின் சூடு. குழாயில் ஆவிக்குமிழி சேர்ந்துவிட்டால் பம்ப் ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாது. ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் டிரைவர்கள் ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் சுற்றிவிட்டுக் காத்திருந்தது இதற்காகத்தான். பம்ப்பை டேங்குக்குள் போட்டு, மூன்று பார் அளவு அழுத்தத்தில் முன்னால் தள்ள ஆரம்பித்த பிறகு இந்தத் தொல்லை ஏறக்குறைய ஒழிந்தது. ஆனாலும் இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டி வெயிலில் நின்றால் ‘பெட்ரோல் ஆவியாயிருக்கும்’ என்று சொல்லும் பெரியவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள்.

அடுத்து, எல்லா ஆட்டோ எலக்ட்ரீஷியன்களும் சத்தியம் செய்யும் ‘லூஸ் கான்டாக்ட்’. ஒரு காரில் நூற்றுக்கணக்கான கப்ளர் இணைப்புகள் இருக்கின்றன. பலவற்றில் டெர்மினல்களுக்கு ஈயம் பூசியது போலத் தெரிவது உண்மையில் வெள்ளீயப் பூச்சு. வண்டி அதிரும்போதும், தினமும் சூடாகி ஆறும்போதும், ஆண் டெர்மினலும் பெண் டெர்மினலும் ஒன்றின்மேல் ஒன்று கண்ணுக்குத் தெரியாத அளவு உரசுகின்றன. ஒவ்வோர் உரசலிலும் பூச்சு கொஞ்சம் சுரண்டப்பட்டு, வெளிவந்த புது உலோகம் காற்றில் ஆக்ஸைடாகிறது. ஆக்ஸைடு மின்சாரத்தைக் கடத்தாது. நாளடைவில் அந்தத் துகள் சேர்ந்து, இணைப்பு ஒரு கணம் இருக்கும், ஒரு கணம் இருக்காது. கப்ளரைக் கழற்றி மாட்டினால் துகள் விலகிப் பழுது போய்விடும், சில வாரத்துக்கு. சென்சாரை மாற்றினால் கப்ளரையும் கழற்றி மாட்டத்தானே வேண்டும்? ஆகவே நல்ல சென்சாரைத் தூக்கிப்போட்டுவிட்டு, ‘சென்சார் மாத்தினேன், சரியாயிடுச்சு’ என்று நேர்மையாகவே நம்புவது எளிதில் நடக்கிறது.

இப்படிப்பட்ட இணைப்பை மல்டிமீட்டரின் ஓம் அளவில் பிடிப்பது கடினம். பெட்ரோல் பம்ப்பின் எர்த் இணைப்பில் அரை ஓம் தடை புகுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் சொந்த வயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும், மொத்தம் 0.8 ஓம் என்று வந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பம்ப் ஓடி 6 ஆம்பியர் இழுக்கும்போது அதே அரை ஓம் 3 வோல்ட்டை விழுங்கிவிடும். விழுங்கியது 18 வாட் சூடாக அந்தச் சின்ன டெர்மினலில் இறங்கும். சூட்டில் டெர்மினலின் ஸ்பிரிங் பிடி தளரும், தடை கூடும், இன்னும் சூடாகும். கழற்றிப் பார்த்தால் கப்ளரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கும். அதனால் சுமை ஓடும்போதே இணைப்பின் இரு பக்கமும் வோல்ட் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரி நெகட்டிவுக்கும் பம்ப்பின் எர்த் வயருக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் வழியில் எங்கோ தகராறு. இதைவிட எளிய உபாயம், பழைய எலக்ட்ரீஷியன் பெட்டியில் கிடக்கும் 60 வாட் ஹெட்லைட் பல்பு. பம்ப்பின் கப்ளரைக் கழற்றி அங்கே பல்பை மாட்டினால் 5 ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் வயர் சுத்தம். மங்கலாக எரிந்தால் வயரிங்கைப் பின்தொடர்ந்து போய், ஒவ்வொரு கப்ளராக அசைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் பல்பு சிமிட்டுகிறதோ அங்கே நிற்க வேண்டும். ரிலேயும் இதே குடும்பம்தான். டேஷ்போர்டுக்கு உள்ளே, வெயிலில் வேகும் இடத்தில் வைத்த ரிலேக்களின் சால்டரிங் சூட்டில் விரிந்து சுருங்கி வட்டமாக விரிசல் விடும். பழைய ஹோண்டா கார்களின் மெயின் ரிலே இதற்குப் பேர்போனது.

‘ஸ்கேனர் போட்டா எல்லாம் சொல்லிடுமே’ என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமான 16 பின் சாக்கெட் இப்போது எங்கும் வந்துவிட்டது. கைக்கு அடக்கமான ஸ்கேனரும் மலிவு. அது தரும் குறியீடு பயனுள்ளதே, படிக்கத் தெரிந்தால். பி0335 என்று வந்தால் ‘கிராங்க் சென்சார் சர்க்யூட்’ என்று பொருள். சர்க்யூட் என்றால் சென்சார், அதன் வயர், கப்ளர், ஈசியுவின் உள்ளீடு எல்லாமும் அடங்கும். சென்சாரை மாற்று என்று அது சொல்லவில்லை. பழுது ஒரு விநாடிக்கும் குறைவாக வந்து போனால் குறியீடே பதியாமல் போகலாம். பதிந்திருந்தால் அந்தக் கணத்தின் வேகம், ஆர்பிஎம், எஞ்சின் சூடு ஆகியவற்றையும் பல கார்கள் சேர்த்தே எழுதி வைத்திருக்கும். குறியீட்டை அழிப்பதற்கு முன் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பல பட்டறைகளில் முதலில் அழித்துவிட்டு, ‘மறுபடி வருதா பார்ப்போம்’ என்பார்கள். இருந்த ஒரே சாட்சியைக் கலைத்துவிட்டுப் பார்க்க என்ன இருக்கிறது?

இந்தப் பழுதை அலட்சியமாக எடுத்துக்கொண்டதற்கு மிகப் பெரிய விலை கொடுத்தது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலான கார்களின் இக்னிஷன் சுவிட்ச்சில், சாவியை ஆன் நிலையில் பிடித்து வைக்கும் சிறு ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் பலவீனமாக இருந்தன. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ முழங்கால் பட்டாலோ, ஓடும்போதே சாவி ஒரு படி பின்னால் நழுவும். எஞ்சின் நிற்கும், பவர் ஸ்டியரிங் போகும், எல்லாவற்றையும்விடக் கொடுமையாக ஏர்பேக் வேலை செய்யாது. ஓடும் வண்டி நின்றுபோகிறது என்ற புகார்கள் 2000களின் நடுப்பகுதியிலேயே வந்தன. நிறுவனத்துக்குள் அதை வாடிக்கையாளரின் வசதி பற்றிய பிரச்சினை என்று வகைப்படுத்தினார்களே தவிர, பாதுகாப்புப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளவில்லை. 2006இல் சுவிட்ச்சின் உள்பாகத்தைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள், பாக எண்ணை மாற்றாமலே. அதனால் பழைய கார்கள் நிற்பதும் புதியவை நிற்காததும் ஏன் என்று விசாரித்தவர்களுக்கு வருடக்கணக்கில் விளங்கவில்லை. இரண்டுக்கும் ஒரே எண் இருந்தது. விபத்தில் இறந்த ஒரு பெண்ணின் குடும்பத்துக்காக வாதாடிய வழக்கறிஞர் அமர்த்திய பொறியாளர், பழைய சுவிட்ச்சையும் கடையில் வாங்கிய புதிய சுவிட்ச்சையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிளஞ்சரின் நீளம் வேறு என்பது தெரிந்தது. 2014இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. அடுத்த ஆண்டு அமெரிக்க நீதித்துறையுடன் 90 கோடி டாலருக்கு உடன்பாடு ஆனது.

சாவியில் தொங்கும் வீட்டுச்சாவி, பீரோ சாவி, பித்தளை முருகன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது எந்தக் காருக்கும் நஷ்டமில்லாத முதல் சோதனை. ஓடும்போது நின்றுவிட்டால் பிரேக்கைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பிரேக்கை மிதிக்க உதவுவது எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடம். எஞ்சின் நின்ற பிறகு ஓரிரு மிதிப்புக்கு மட்டுமே சேமிப்பு இருக்கும். ஆகவே விட்டு விட்டு மிதித்து அதை வீணாக்காமல், ஒரே சீராக அழுத்திப் பிடித்தபடி ஓரங்கட்ட வேண்டும். ஸ்டியரிங் கனமாகும், ஆனால் திரும்பும். உருளும்போது சாவியை முழுக்க ஆஃப் செய்து உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அதைவிட ஆபத்து வேறில்லை.

ஏதோ ஒன்றை மாற்றியாகிவிட்டது. வண்டி பத்து நாளாக நிற்கவில்லை. சரியாகிவிட்டதா? இதற்குக் கணிதம் ஒரு பதில் வைத்திருக்கிறது. பழுது சராசரியாகப் பத்து நாளுக்கு ஒருமுறை, எந்த ஒழுங்கும் இல்லாமல் வருகிறது என்று கொள்வோம். எதையுமே சரி செய்யாவிட்டாலும், பத்து நாள் அது வராமல் இருப்பதற்கு வாய்ப்பு 37 சதவீதம். மூன்றில் ஒன்றுக்கு மேல்! இருபது நாள் வராமல் இருக்க 13.5 சதவீதம். முப்பது நாள் ஆனால்தான் அது 5 சதவீதத்துக்கு இறங்குகிறது. அதாவது வழக்கமான இடைவெளியைப் போல மூன்று மடங்கு காலம் ஓடிய பிறகே ஓரளவு நம்பலாம். மாதத்துக்கு ஒருமுறை நிற்கும் வண்டிக்கு மூன்று மாதம். ‘போன வாரம் மாத்தினோம், இன்னும் நிக்கலை’ என்பது இந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

இந்தக் காத்திருப்பைச் சுருக்க ஒரே வழி பழுதை வரவழைப்பது. எஞ்சின் ஓடும்போது சென்சாருக்கு ஹீட் கன் காட்டி வண்டியை நிற்கவைத்து, புதியதை மாட்டி, அதே சூட்டில் அது நிற்காமல் ஓடுவதைப் பார்த்துவிட்டால் மூன்று மாதம் தேவையில்லை. பழைய சென்சாரையே மறுபடி மாட்டி, மறுபடி நிற்கவைத்துக் காட்டும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். பழுது சென்சாரிலா, கழற்றி மாட்டியதில் சுத்தமான கப்ளரிலா என்பது அப்போதுதான் பிரியும். அதற்கு அரைமணி வேலை கூடும். அந்த அரைமணிக்குக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.